விரல் போனால் சாட்சி உண்டு, காது போனால்?

பாசிர் கூடாங்கில் ஓர் இரும்புப் பட்டறையை எண்ணிக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஒருவரின் விரல் இயந்திரத்தில் சிக்கி நசுங்குகிறது. பக்கத்தில் நின்றவர்கள் ஓடி வருகிறார்கள். சூப்பர்வைசர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். மருத்துவமனை அறிக்கை, பெர்கேசோ பாரம், முதலாளியின் கையொப்பம் என்று ஒவ்வொன்றாக நடக்கிறது. கிடைக்கும் இழப்பீடு போதுமா போதாதா என்பது வேறு கேள்வி. ஆனால், அந்த விரல் வேலையில்தான் போனது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே பட்டறையில், அதே இயந்திரத்தின் அருகில் 15 ஆண்டு நின்ற இன்னொருவருக்கு இப்போது மனைவி பேசுவது சரியாகக் கேட்பதில்லை. தொலைக்காட்சியை அலறவிடுகிறார் என்று பிள்ளைகள் குறைபடுகிறார்கள். “வயசாயிடுச்சி” என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அவருக்கு வயது 41தான். அவருடைய காது எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனது? பார்த்தவர் யார்? எந்தப் பாரத்தில் எதை எழுதுவது?

வேலையிடம் தரும் நோய்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. இரத்தமும் கூச்சலுமாக வருவதில்லை. மெல்ல மெல்ல, 10 ஆண்டு, 20 ஆண்டு எடுத்துக்கொண்டு வருகின்றன. வந்து சேரும்போது அந்த வேலை கைமாறியிருக்கும், அந்த நிறுவனம் மூடியிருக்கும், உடன் வேலை பார்த்தவர்கள் எங்கோ போயிருப்பார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளையோரில் பலர் எஸ்பிஎம் முடித்த கையோடு ஜொகூரின் தொழிற்சாலைகளுக்கோ, பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகப் போகிறவர்கள். சம்பளம் எவ்வளவு, ஓடி உண்டா, தங்குமிடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு போகிறீர்கள். நல்லதுதான். ஆனால் 40 வயதில் உங்கள் உடம்பில் என்ன மிச்சமிருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளை யாரும் கேட்கச் சொல்லித் தருவதில்லை.

இது நம் சமுதாயத்துக்குப் புதிய கதையும் இல்லை. ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார்களிடம் ‘கிராமக்சோன்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே தெரிந்துகொள்வார்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் விற்பனைப் பெயர் அது. செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. முதுகில் கனத்த மருந்து டாங்கி, கையில் தெளிப்புக் குழாய், முகத்தில் ஒரு துணி. வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். போடாவிட்டால் மருந்து முகத்தில் படும். கசியும் டாங்கியிலிருந்து முதுகெல்லாம் நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து, அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கியவர்கள் அவர்கள்.

ஐரின் ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பேன் ஆசிய பசிபிக்கும் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை 2002-இல் வெளியிட்டன. கண் எரிச்சல், தலைவலி, தோல் நோய், மூச்சுத் திணறல், தீராத அசதி என்று அந்தப் பெண்கள் அடுக்கிய குறைகள் ஒரே மாதிரி இருந்தன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. சுவீடன் இதே மருந்தை 1983-இலேயே தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாராகுவாட்டுக்கும் பார்கின்சன் எனப்படும் நடுக்க நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இன்று ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடொன்றில் கை நடுங்கியபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு அந்த மருந்தால்தான் அது வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. அவர் எத்தனை ஆண்டு, எந்த மருந்தை, எவ்வளவு அடித்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு நியாயம் கிடைக்காமல் போனதற்கு இந்த எழுதி வைக்காத ஒன்றே போதும்.

சரி, அது அந்தக் காலம். இப்போது சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1994-இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வேலையிடத்திலிருந்து விலகி நிற்கும் உரிமையும் தொழிலாளருக்கு உண்டு. இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் ‘உடனடி ஆபத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சரிந்து விழப்போகும் சாரம் உடனடி ஆபத்து. 20 ஆண்டு கழித்துக் கொல்லும் தூசு உடனடி ஆபத்தா?

சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு வரும் தொழில்சார் நோய்ப் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடம் பிடிப்பது சத்தத்தால் வரும் செவிக் கோளாறு. 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல்தான் வரம்பு. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. சத்தம் 3 டெசிபல் கூடினாலே காதில் இறங்கும் சுமை இரட்டிப்பாகிவிடும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம் நின்றாலே அன்றைய வரம்பு முடிந்துவிட்டது. 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு 83 டெசிபலிலேயே அந்த அளவு நிரம்பிவிடும். சத்தத்தை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85-ஐத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை செவிப் பரிசோதனை செய்வது முதலாளியின் கடமை. காதடைப்பானைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் இடங்கள் ஏராளம். அதைப் போட்டுக்கொண்டால் கேலி செய்யும் மூத்த தொழிலாளர்களும் ஏராளம்!

பற்றவைப்புத் தொழிலுக்குப் போகும் மாணவர்களுக்கு இன்னொன்று. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் உறுதியாக வகைப்படுத்தியது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணியச் சொல்லித்தரும் அளவுக்கு, மூச்சுக்கு என்ன செய்வது என்று நம் பயிற்சி நிலையங்கள் சொல்லித்தருகின்றனவா? சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அறுக்கும் ‘ரெனோவேஷன்’ வேலையும் அப்படித்தான். அந்தக் கல்தூசால் இளம் வயதிலேயே நுரையீரல் கல்லாகிப்போனவர்களைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

தூசும் புகையும் சத்தமும் இல்லாத வேலையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைப்பவர்களுக்கும் தப்பில்லை. நம்மவர்களை அதிகம் வாட்டும் இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் எங்கிருந்து வருகின்றன? 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் இருப்பது இந்தியர்கள். இதைச் சொன்னவுடன் நம் கூட்டங்களில் ஒரே பேச்சுதான் எழும். சோற்றைக் குறையுங்கள், தே தாரேக்கை விடுங்கள், ரொட்டி சானாயைத் தொடாதீர்கள். சொல்வதில் தவறில்லை. பரம்பரைக்கும் உணவுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரவு 2 மணிக்குப் பாதுகாவலர் சாவடியில் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் எந்தக் கடையில் கீரையும் பருப்பும் வாங்கிச் சாப்பிடுவார் என்று யாரும் கேட்பதில்லை.

உணவை விடுங்கள், அந்த நேரமே கேடு. இரவில் நம் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாள்வதில்லை. உறங்க வேண்டிய நேரத்தில் விழித்துச் சாப்பிடும்போது அதே உணவு இரத்தத்தில் அதிகச் சர்க்கரையை ஏற்றுகிறது. 2 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை ஒன்றுதிரட்டி 2014-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இனிப்புநீர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 9 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆண்களை மட்டும் பார்த்தால் 37 விழுக்காடு. ஏற்கெனவே பரம்பரையில் சர்க்கரை உள்ள ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளை வாரம் ஒரு ஷிப்ட் என்று மாற்றி மாற்றி உருட்டினால் என்ன ஆகும்?

அடுத்தது மணிக்கணக்கு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்று சட்டம் குறைத்தது. மகிழ்ச்சி. ஆனால் மாதத்துக்கு 104 மணி நேரம் வரை ஓடி செய்யலாம் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. 104 மணியை வாரக்கணக்கில் பிரித்தால் 24 மணி நேரம். ஆக, வாரம் 69 மணி நேரம் வேலை வாங்குவது இந்நாட்டில் சட்டப்படியே சரி. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். 2016-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 745,000 பேர் இப்படி இறந்தனர். அவர்களில் பலர் நீண்ட நேரம் உழைத்த காலத்தில் சாகவில்லை. அறுபது, எழுபது வயதில், பழைய உழைப்பின் கடனாகச் செத்தார்கள்.

ஓடி வேண்டாம் என்று சொல்ல எளிது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் இருப்பவருக்கு ஒரு மணி நேர ஓடிக்கு ஏறக்குறைய 12 வெள்ளி 25 காசு வரும். 104 மணி நேரமும் செய்தால் கூடுதலாக 1,275 வெள்ளி. அதாவது 1,700 ஏறத்தாழ 2,975 ஆகிவிடும். வாடகை, மோட்டார் தவணை, தம்பியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த 1,275-இல்தான் ஓடுகின்றன. எனவே ஓடி செய்பவரைப் பேராசைக்காரர் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்துவிட்டு, மிச்சத்தை உடம்பை விற்று ஈட்டிக்கொள் என்று சொல்லும் ஏற்பாடு இது. அதைத் தனிமனிதரின் விருப்பம் என்று பெயரிட்டு அழைப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஜொகூருக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது எந்த நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. மாசாயிலோ ஸ்கூடாயிலோ விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தை நோக்கிப் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடக்கும் வரிசையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் லாரிகளின் புகைக்கு நடுவே நின்று, 8 மணிக்கு வேலை தொடங்கி, ஓடி முடித்து, திரும்பவும் அதே வரிசையில் நின்று இரவு 10 மணிக்கு வீடு சேர்கிறார்கள். டீசல் புகையும் 2012 முதல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில்தான் இருக்கிறது. தூக்கம் 5 மணி நேரம் கிடைத்தால் அதிகம். சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று விகிதத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. அந்தப் பிள்ளையின் இரத்த அழுத்தத்தை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? ஆர்டிஎஸ் ரயில் வந்தால் வரிசை குறையும் என்கிறார்கள். குறையட்டும். அதுவரையும் அதற்குப் பிறகும் அந்தப் பயண நேரம் வேலை நேரத்தின் பகுதிதான், கணக்கில் இல்லாவிட்டாலும்.

1700-இல் பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். முந்நூறு ஆண்டு கடந்துவிட்டது. நம் கிளினிக்குகளில் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, சிகரெட் உண்டா, தண்ணி உண்டா என்று கேட்கிறார்கள். என்ன ஷிப்ட், எத்தனை மணி நேரம், எந்தத் தூசு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எம்சி வாங்க வருபவர்கள் வெளியே 40 பேர் காத்திருக்கும்போது மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லைதான். ஆனால் தொழில்சார் நோய் என்று கருதினால் மருத்துவர் 7 நாள்களுக்குள் டோஷுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. கேட்காத கேள்விக்கு எப்படி அறிவிப்புப் போகும்?

அறிவிப்புப் போனாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் உள்ளது. அதில் உள்ள தொழிலைச் செய்தவருக்கு, வேலையில் இருக்கும்போதோ வேலையை விட்ட 60 மாதங்களுக்குள்ளோ அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே பெர்கேசோ எடுத்துக்கொள்ளும். 60 மாதம் என்றால் 5 ஆண்டு. கல்தூசு நுரையீரலைக் கெடுக்கப் பல வேளைகளில் 10, 20 ஆண்டு எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், இரசாயனங்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதி, தொழிலாளர்களின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை 30 ஆண்டு பாதுகாக்கச் சொல்கிறது. நோய் மெதுவாக வரும் என்று ஒரு சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, இன்னொரு சட்டத்துக்குத் தெரியவில்லை! இந்த 60 மாத வரம்பை நோய்க்கு ஏற்றபடி நீட்ட வேண்டும் என்று நம் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பேசியாக வேண்டும். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் அந்தப் பட்டியல் பக்கமே வராது. அவற்றால் உழைக்க முடியாமல் போனவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதாவது, உடம்பு முழுதாக உடைந்த பிறகு.

பெர்கேசோ 2013-இல் 40 வயதானவர்களுக்கு இலவசச் சுகாதாரப் பரிசோதனையைத் தொடங்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 18 வயதில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு 40 என்பது 22 ஆண்டு தள்ளி இருக்கிறது.

சட்டம் மாறும்வரை இளையோர் தாங்களே தங்களுக்குச் சாட்சியாக இருக்க வேண்டியதுதான். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கைப்பேசியில் ஒரு கோப்பு போதும். எந்த நிறுவனம், எந்தப் பிரிவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறித்து வையுங்கள். ஏஜென்ட் வழியாகப் போனால் ஏஜென்டின் பெயரும் உண்மையில் வேலை வாங்கிய நிறுவனத்தின் பெயரும் இரண்டுமே வேண்டும். கையாண்ட இரசாயனத்தின் டின்னில் ஒட்டியுள்ள வில்லையைப் படம் எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஓடி மணிக்கணக்கு அதில்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதிலேயே ஒரு செவிப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து முடிவை வைத்துக்கொள்ளுங்கள். “வரும்போதே உனக்கு இது இருந்தது” என்று பின்னாளில் யாரும் சொல்ல முடியாது. நிறுவனம் பரிசோதனை செய்தால் அதன் நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, என்ன ஷிப்ட் என்று நீங்களே சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்ற இடம் ஐந்தாம் படிவ வகுப்பறையும் தொழிற்பயிற்சிக் கல்லூரியும்தான். இடைநிலைப்பள்ளிகளில் வேலை வாய்ப்புக் கண்காட்சி நடக்கிறது. நிறுவனங்கள் மேசை போட்டு, பேனாவும் பையும் கொடுத்து ஆள் சேர்க்கின்றன. சம்பளம், போனஸ், தங்குமிடம் எல்லாம் பதாகையில் பெரிய எழுத்தில் இருக்கும். “உங்கள் உற்பத்திக்கூடத்தில் கடைசியாகச் சத்தத்தை அளந்தது எப்போது? எத்தனை டெசிபல்? ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை மாறும்?” என்று ஒரு மாணவர் கேட்டால், மேசைக்குப் பின்னால் நிற்பவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் குறித்து வைக்கலாம்.